எல்லோரும் உயிரோடு

ஈரத்துணியால் தேய்த்தும் போகவில்லை, சாம்பலைத் தொட்டுத் தேய்த்தும் போகவில்லை. லேனா கீழே கிடந்த செங்கல் துண்டு ஒன்றை எடுத்து, வாசல் தூணில் இருந்த வெள்ளை எழுத்துகளைச் சுரண்டத் தொடங்கினாள். வீடு என்று அங்கே மிச்சம் இருந்தது அந்தத் தூண் ஒன்றுதான். நான்கு மாடியும் படிக்கட்டும் முகப்பும் நிலவறைமேல் சரிந்து ஒரே குவியலாகக் கிடக்க, தூண் மட்டும் என்ன வைராக்கியமோ, நின்றுகொண்டிருந்தது.

'எஸ்ஸர் குடும்பம். எல்லோரும் உயிரோடு. ஃபீனா வீட்டில்.'

செவ்வாய்க்கிழமை காலையில் அவளே எழுதியது. அந்த வருஷம் கொலோன் நகரத்தில் சுவர்கள்தான் தபால் ஆபீஸ். வீடு விழுந்தால், நின்ற சுவரில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதிவைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. போர்முனையிலிருந்து ஓடிவரும் கணவன், கிராமத்துக்கு அனுப்பிய பிள்ளை, வேலைக்குப் போயிருந்த மகள் எல்லோரும் முதலில் அதைத்தான் படிப்பார்கள். மற்றவர்கள் சாக்பீஸில் எழுதினார்கள். தீயணைப்புக்காரன் தண்ணீர் அடித்தால் சாக்பீஸ் போய்விடுமே என்று லேனா யோசித்தாள். இருட்டடிப்புக்காகப் படிகளின் விளிம்பில் பூச அப்பா வைத்திருந்த வெள்ளைப் பெயின்ட் டப்பா குப்பையில் நசுங்கிக் கிடந்தது. அதில் விரலை விட்டு எழுதினாள். அப்பா வாங்கின பெயின்ட் எது என்றைக்கு உரிந்தது? அதிலும் அவர் கெட்டிக்காரர்.

இன்றைக்குச் சனி. மதியம் தம்பி ஹூபெர்ட் வருகிறான். வீடு போய்விட்டது என்று செவ்வாய்க்கிழமை அவள் கொடுத்த தந்தியைக் காட்டி ஒரு நாள் லீவு வாங்கியிருக்கிறான். அப்பாவின் உடலை எடுத்ததோ நேற்றுக் காலை. அது அவனுக்குத் தெரியாது. எந்த ரயில் எந்த ஸ்டேஷனில் நிற்கும் என்று ரயில்வேக்காரனுக்கே தெரியாத காலம் அது. எங்கே போய் எதிர்கொள்வது? எங்கே இறங்கினாலும் அவன் நேரே இங்கேதான் வருவான். வந்து இதைப் படிப்பான்.

அவன் இதைப் படித்து ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது, அதற்காகத்தான் அழிக்கிறேன் என்று லேனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை.

திங்கள் ராத்திரி அவளுக்கு டிராம் டிப்போவில் வேலை. ஆண்கள் எல்லோரும் பட்டாளத்துக்குப் போனபிறகு நகரத்து டிராம்களில் டிக்கெட் கிழிப்பது பெண்கள்தான். டிப்போ ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. அங்கிருந்தே ஊர் எரிவதைப் பார்த்தாள். காலையில் பாலத்தைக் கடந்து, சூட்டில் இளகின தார் செருப்பைப் பிடித்திழுக்கத் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது கீழ்வீட்டு விர்ட்ஸ் எதிர்ப்பக்கம் ஒரு மெத்தைமேல் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கரி.

"உங்கப்பா வந்துட்டாரும்மா, பயப்படாதே. எங்களையெல்லாம் ஓட்டை வழியா ஒவ்வொருத்தரா தள்ளி விட்டாரு. கடைசியா அவரும் வந்தாரு. என் பின்னாடிதான் வந்தாரு. அவரு இரும்புத் தொப்பியை நான் பாத்தேன்."

ஓட்டை என்றால் நிலவறைச் சுவரில் இருப்பது. தெருவிலுள்ள வீடுகளின் நிலவறைகளுக்கு நடுவே சுவரை இடித்து, ஒற்றைச் செங்கல்லாகப் பூசி வைத்திருந்தார்கள். ஒரு வீடு விழுந்தால் உதைத்துத் திறந்து அடுத்த வீட்டுக்குள் போய்விடலாம். குண்டு விழும் நேரத்தில் லேனாவின் அப்பா செவெரின் எஸ்ஸர்தான் அந்த வீட்டுக்குப் பொறுப்பாளர். முப்பத்தெட்டு வருஷம் நகரத்து கேஸ் குழாய்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டு, கேஸ் வால்வை மூடாமல் வந்துவிட்டோமே என்று அவர் திரும்பிப் போனதை விர்ட்ஸ் பார்க்கவில்லை. பின்னால் வந்தது வேறு எவனுடைய தொப்பியோ. விர்ட்ஸ் பொய் சொல்கிற மனிதர் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

லேனா எழுதினாள். எழுதிவிட்டு அப்பாவைத் தேடப் போனாள். மாதா கோயில் மண்டபத்திலிருந்து நிறையப் பேரை லாரி லாரியாக அக்கரைக்கும் அதற்கப்பால் கிராமங்களுக்கும் கொண்டுபோயிருந்தார்கள். மூன்று நாள் அவள் அக்கரையிலேயே அலைந்தாள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பட்டியல், வரிசை. ராத்திரியில் டிப்போ பெஞ்சில் படுத்தாள். புதன்கிழமை மனசு கேட்காமல் மீட்பு அலுவலகத்தில் போய் நின்று, எங்கள் நிலவறையை ஒருமுறை பார்ப்பீர்களா என்று கேட்டாள். அங்கிருந்தவர் காகிதத்தைப் புரட்டி, விரலை வைத்து, "எஸ்ஸர் வீடு. எல்லோரும் உயிரோடு. பதிவாகியிருக்கே அம்மா" என்றார். முத்திரை வைத்த காகிதம். லேனாவுக்கு உயிர் வந்தது. அது அவளே எழுதின எழுத்துதான் என்று அப்போது உறைக்கவில்லை. நேற்று, அப்பாவின் முகத்தைப் பார்த்து அடையாளம் சொன்ன பிறகுதான் உறைத்தது.

"என்னம்மா, சுவரோட மல்லுக்கட்டறே?"

லேனா செங்கல்லைக் கீழே போட்டாள். மீட்புப் படையின் மேஸ்திரி நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும்; அடுத்த இடிபாட்டில் அவருடைய ஆட்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பையிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்தார்.

"நீ எஸ்ஸரோட பொண்ணுதானே? நேத்து அங்க பாத்தேன். இதை ஆபீஸ்ல குடுத்தா எவன் பைக்காவது போயிடும். அதான் வெச்சிருந்தேன்."

உள்ளே அப்பாவின் மூக்குக்கண்ணாடி, அவருடைய பழைய ஸ்பேனர். ஸ்பேனரின் ஒரு முனை தட்டித் தட்டி நசுங்கி, புது இரும்பாய் வெளுத்திருந்தது.

"தண்ணிக்குழாய்க்குப் பக்கத்துல உக்காந்திருந்தாரு. காயம்னு பெரிசா ஒண்ணுமில்ல. வால்வு இருந்த மூலையில கூரை தாங்கிக்கிச்சு. ஆனா ரெண்டு பக்கமும் மூடிக்கிச்சு."

"எப்ப..." என்றாள் லேனா.

"அதெல்லாம் கேக்காதம்மா."

அவள் நகராமல் நின்றாள். மேஸ்திரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"டாக்டர் வியாழக்கிழமைங்கிறாரு. ரெண்டு செர்ரி ஜாடி காலியா இருந்துது. கொட்டையெல்லாம் ஒழுங்கா ஒரு மூடியில போட்டு வெச்சிருந்தாரு. சுத்தக்கார மனுஷன். பசியில்ல, தாகமில்ல, காத்து தீந்துபோச்சு, அவ்வளவுதான்."

தூணைப் பார்த்தார். அவர் பேச ஆரம்பித்ததும் பேச்சு தானாகச் சூடேறியது.

"செவ்வாக்கிழமை மத்தியானமே நாங்க இந்தத் தெருவுல நிக்கிறோம். பதினாறு பேரு, நாப்பது வீடு. எதைத் தோண்டறது, எதை விடறது? சுவத்தைப் பாத்துத்தான் முடிவு. உள்ளே அஞ்சு பேருன்னு இருந்தா கடப்பாரையைப் போடுவோம். இங்க எல்லாரும் உயிரோடன்னு போட்டிருந்துது. அதுவும் பெயின்ட்டுல, கொட்டை எழுத்துல. சாக்பீஸா இருந்தாலாவது ஒரு சந்தேகம் வரும். தாண்டிப் போயிட்டோம். நேத்து பக்கத்து நிலவறையைத் தோண்டறப்பத்தான் உங்கப்பா கண்ணுல பட்டாரு." காறித் துப்பினார். "எழுதின மகராசன் எவனோ, அவன் நல்லா இருக்கட்டும்."

"அக்கம்பக்கத்துல யாராவது எழுதியிருப்பாங்க" என்றாள் லேனா.

"இருக்கும், இருக்கும். எல்லாரும் நல்லதுதான் நினைக்கிறாங்க" என்று சொல்லி அவர் தன் ஆட்களிடம் போய்விட்டார்.

சொல்லும்போது அவளுக்கு நாக்கு குழறவில்லை. பாவம் விர்ட்ஸ் மேலோ யார் மேலோ பழி போகட்டும் என்று எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அவள் மறுபடி செங்கல்லை எடுத்தாள். 'உயிரோடு' என்பதில் பாதியைச் சுரண்டுவதற்குள் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது.

பன்னிரண்டரை மணிக்கு ஃபீனா அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. பின்தெருவில், இந்த வீட்டோடு முதுகு ஒட்டிய வீட்டில் மூன்றாம் மாடி. ஜன்னல் கண்ணாடி தவிர அவளுக்கு ஒன்றும் போகவில்லை. கையில் லேனாவுக்காக ஒரு கறுப்புக் கோட்டு. ஜூலை வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு.

"இது எங்கிட்ட இருக்கிற ஒரே கறுப்பு. போட்டுக்கோ. வேர்த்தா அழுதமாதிரி இருக்கும்."

"அத்தை, ஹூபெர்ட் இங்கதான் வருவான். நான் நின்னு கூட்டிட்டு வரேன்."

"லாரி ஒரு மணிக்குக் கிளம்பிடும். பெட்டியோட நாம ஏறலேன்னா அவனுங்க செவெரினைக் கொண்டுபோய் எவனோடயோ சேத்துப் புதைச்சிடுவானுங்க. என் வீட்டுக் கதவுல சீட்டு எழுதி ஒட்டியிருக்கேன். அவன் என்ன குழந்தையா? வா."

அத்தைக்குக் கவலை வந்தால் வாய் மூடாது. வழியெல்லாம் பேசினாள். மழைக்கு முந்திய தவளை என்று அப்பா அவளைச் சொல்வார்.

"பெட்டிக்கு என்ன பாடு பட்டேன் தெரியுமா? அட்டைப்பெட்டி தரேங்கிறான். எங்கண்ணன் என்ன ஷூவா அட்டைப்பெட்டில போறதுக்கு? என் துணி அலமாரியை எடுத்துக்கடான்னு தச்சன்கிட்ட குடுத்துட்டேன். எனக்கென்ன, மாட்டறதுக்கு ரெண்டு பாவாடை. என்ன ஒண்ணு, சாவித்துவாரம் அப்படியே இருக்கு. இருக்கட்டும். யாரு நெஜமா அழறா, யாரு நடிக்கிறான்னு அவன் அது வழியா பாத்துக்கட்டும்."

லேனாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததற்காக அழுகையும் வந்தது.

"அப்புறம், காப்பி குடுத்தாங்க. நெஜமான காப்பிக்கொட்டை, தலைக்கு அம்பது கிராம். மூணு வருஷமா வறுத்த பார்லியைக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சு. இப்ப வீடு எரிஞ்சாத்தான் காப்பின்னு ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு தடவை வந்தானுங்கன்னா வெண்ணெயும் கிடைக்கும்."

"அத்தை, மெதுவா. காதுல விழப்போகுது."

"விழட்டும். குண்டு போட்டா ஜனங்க கொதிச்செழுந்து மேல இருக்கிறவனைத் தள்ளிடுவாங்கன்னு இங்கிலீஷ்காரன் கணக்குப் போட்டிருக்கானாம். எங்க எழுந்திருக்கிறது? வரிசையில நின்னே காலு வீங்கிப்போச்சு. காப்பி வாங்கியாச்சு, போடத் தண்ணி வேணுமே? தெருமுனைக்குப் போய்த் தூக்கிட்டு வரேன். குழாய் என்னை நல்லா ஏமாத்திடுச்சு."

"என்ன ஏமாத்திச்சு?"

"செவ்வாய், புதன், வியாழன், மூணு நாளும் தட்டுச்சுடி. டொக், டொக், டொக். கொஞ்சம் நிக்கும். மறுபடி டொக், டொக், டொக். கார்ப்பரேஷன்காரன் எங்கியோ குழாயை ரிப்பேர் பண்றான், இதோ வந்துடும்னு வாளியை வெச்சிட்டு உக்காந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரிகிட்டகூட சொன்னேன், வாளியைக் கழுவி வையின்னு. வியாழக்கிழமை சாயந்தரத்தோட நின்னுபோச்சு. பாதி வேலையில விட்டுட்டு ஓடிட்டானுங்க, சோம்பேறிங்க."

லேனாவின் கை கோட்டுப் பைக்குள் இருந்தது. அதற்குள் ஸ்பேனர் இருந்தது.

கேஸ் வேலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பள்ளத்துக்குள் இறங்குகிறவன் குழாயை மூன்று முறை தட்டுவான். உள்ளே ஆள் இருக்கிறது, வால்வைத் திறக்காதே என்று அர்த்தம். மேலே இருப்பவன் பதிலுக்கு மூன்று தட்ட வேண்டும். பதில் வரும்வரை உள்ளே இருப்பவன் விடாமல் தட்டிக்கொண்டே இருப்பான். சின்ன வயதில் லேனாவும் ஹூபெர்ட்டும் சமையலறையில் குழாயைத் தட்டி, மாடியில் முகம் கழுவும் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். அவர் மூன்று தட்டிவிட்டுத்தான் இறங்கி வருவார். எந்தக் காரியத்துக்கு நடுவில் இருந்தாலும் பதில் தட்டாமல் இருந்ததில்லை.

அத்தை அண்ணன் வேலை செய்த இடத்துப் பக்கம் போனதே இல்லை. அந்த வழக்கம் அவளுக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. இப்போது சொல்லலாம். சொன்னால் இவள் இந்தத் தெருவிலேயே உட்கார்ந்துவிடுவாள். லேனா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்த நேரத்தில் தன் குற்றத்துக்கு ஒரு துணை கிடைத்ததுபோல ஒரு ஆறுதலும் அவளுக்கு வந்தது. சீ, நானும் ஒரு மனுஷியா என்று நினைத்தாள்.

கல்லறையில் நீளமாகப் பள்ளம் வெட்டி, பெட்டிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். சில பெட்டிகள் மிகவும் சின்னவை. கம்பத்தில் கொடிகள், ஒலிபெருக்கியில் கட்சிக்காரர் ஒருவர் பழிக்குப் பழி என்று முழங்கிக்கொண்டிருந்தார். பாதிரியாருக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். அவர் பெயர்களைப் படிப்பதற்கே அது போதவில்லை. வேகவேகமாகப் படித்தார். ஜனங்கள் யாரும் கத்தி அழவில்லை. அழுது முடித்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

'எஸ்ஸர், செவெரின்' என்று படிக்கும்போது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஹூபெர்ட் வந்தான். விமான எதிர்ப்புப் பீரங்கிப் படை உடுப்பு. முழங்கால்வரை சுண்ணாம்புத் தூசி. மூச்சு வாங்கியது. லேனாவைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், அவர்கள் முன்னாலிருந்த பெட்டியைப் பார்த்தான். சாவித்துவாரத்தைக்கூடப் பார்த்தான்.

"யாரு?" என்றான். அவனுக்கென்று இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் எதிரே நிற்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"அப்பாதான்டா" என்றாள் லேனா.

"எல்லாரும் உயிரோடன்னு போட்டிருக்கே."

அவள் பாதிரியாரின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போய்ட்டுத்தான் வரேன். படிச்சேன் அக்கா. படிச்சிட்டு அங்கேயே கல்லுமேல உக்காந்து ஒரு சிகரெட் பிடிச்சேன். இந்த ஒரு வருஷத்துல அவ்வளவு நிம்மதியா ஒரு சிகரெட் பிடிச்சதில்ல. யாரோ எழுத்தைச் சுரண்டியிருந்தாங்க. எந்தப் பாவிடா இதைப் போய்ச் சுரண்டறதுன்னு திட்டினேன். அப்புறம் அத்தை வீட்டுக்குப் போனா, கல்லறைக்கு வான்னு சீட்டு. விர்ட்ஸ் மாமா மாதிரி யாராவது போயிருப்பாங்கன்னு நினைச்சிட்டு வந்தேன்."

இறக்குகிறவர்கள் கயிற்றைப் போட்டார்கள். ஹூபெர்ட் குனிந்து, அலமாரிப் பலகையில் விரல்முட்டியால் மூன்று முறை தட்டினான். டொக், டொக், டொக். லேனா சட்டென்று அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அது என்னடா?" என்றாள் அத்தை.

"ஒண்ணுமில்ல அத்தை. அப்பா ஆளுங்க வழக்கம்."

"ஹூபெர்ட், வா, தள்ளி நில்லு" என்றாள் லேனா.

"என்ன வழக்கம்? மூணு தடவை தட்டினியே?"

"குழிக்குள்ள இறங்கினா தட்டுவாங்க அத்தை. உள்ளே ஆள் இருக்கு, திறக்காதேன்னு அர்த்தம். மேல இருக்கிறவங்க திருப்பித் தட்டறவரைக்கும் விடமாட்டாங்க."

அத்தை அவனையே பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். கயிறு உராய்கிற சத்தத்தோடு அது கீழே போயிற்று. மண் போடச் சொல்லி லேனா அவள் கையில் மண்ணைக் கொடுத்தாள். அத்தை அதைப் போடாமல் பிடித்தபடியே லாரி வரைக்கும் வந்தாள். வீடு சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் இப்போதுதான் இறங்குகிறது என்று ஹூபெர்ட் நினைத்திருப்பான்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பியும் இனிப்பு ரொட்டியும் கொடுப்பது அந்த ஊர் மரியாதை. வந்தவர் யாரும் இல்லை. அவரவருக்கு அவரவர் சவம். சமையலறை மேஜையில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் அட்டை. பகலிலேயே இருட்டாக இருந்தது. மூலையில் குழாய், அதன் கீழே கழுவி வைத்த காலி வாளி. லேனா தெருமுனையிலிருந்து தூக்கி வந்த தண்ணீரில் காப்பி போட்டாள். அந்த வாசனை அறையில் பரவியபோது, அதை முகரவே மூவருக்கும் வெட்கமாக இருந்தது. அப்பாவுக்குக் காப்பி என்றால் உயிர். சிந்தின துளியை விரலால் தொட்டு நக்குவார்.

ஹூபெர்ட் இரண்டு மிடறு குடித்தான்.

"அன்னிக்கு எங்க தலைக்கு மேலதான் போனானுங்க" என்றான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு. "போன வருஷம் இதே பீரங்கியால ருஷ்யாவுல டாங்கியை அடிச்சிட்டிருந்தோம். ஊருங்களைக் காப்பாத்தணும்னு கழட்டி இங்க கொண்டாந்துட்டாங்க. அங்க இருக்கிறவனுக்கு இப்ப டாங்கியை அடிக்க ஒண்ணுமில்ல. இங்க நாங்க மேகத்தை அடிக்கிறோம். அன்னிக்கு ஆயிரம் குண்டு போட்டிருப்போம். ஒரே ஒரு விமானம் விழுந்துது. மத்ததெல்லாம் இங்க வந்துடுச்சு."

வேறு நாளாக இருந்தால், மேகத்துக்குப் பலத்த அடியா என்று அத்தை கேட்டிருப்பாள். அவள் தன் கோப்பையைத் தொடவே இல்லை. கரண்டியால் மேஜைவிரிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சுவத்துல யாரு எழுதினது?" என்று கேட்டான் ஹூபெர்ட்.

மேஸ்திரியிடம் சொன்னதையே சொல்லலாம். அக்கம்பக்கத்தில் யாரோ. வாய்வரை வந்தது. லேனா தம்பியின் பூட்ஸைப் பார்த்தாள். சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருந்தது. அந்தக் கல்லில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தவனின் பூட்ஸ்.

"நான்தான் எழுதினேன்."

"எப்ப?"

"செவ்வாக்கிழமை காலைல. அப்பா வெளிய வந்துட்டாருன்னு விர்ட்ஸ் சொன்னாரு. நான் பாக்கல. பாக்காமலே எழுதிட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். கோபம் ஒன்றும் தெரியவில்லை. களைப்புதான் தெரிந்தது. ராத்திரி வண்டியில் அவன் திரும்ப வேண்டும்.

"நான் இருந்தாலும் எழுதியிருப்பேன்" என்றான். பிறகு, கேட்கப் பயந்துகொண்டே, "அப்பா ரொம்பக் கஷ்டப்பட்டாரா அக்கா?" என்றான்.

அத்தையின் கரண்டி நின்றது. லேனா நிமிர்ந்தாள். அத்தை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லறையில் லேனா ஏன் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. அத்தைக்கும் தெரிந்துவிட்டது. லேனாவுக்குத் தெரியும் என்பதும் தெரிந்துவிட்டது.

"இல்லடா" என்றாள் லேனா. "வீடு விழுந்த உடனேயே. ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு."

"அது போதும்" என்றான் ஹூபெர்ட். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான். "அது போதும்க்கா. அங்க நாங்க பாக்கறதுக்கு... உடனே போறதே பெரிய வரம்."

கீழே தெருவில் யாரோ இடிபாட்டுக் கற்களை வண்டியில் வீசி ஏற்றும் சத்தம் கேட்டது. கோட்டுப் பையில் இருந்த ஸ்பேனர் லேனாவின் தொடையில் அழுத்தியது. அவள் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

அத்தை எழுந்தாள். கரண்டியைக் கையில் பிடித்தபடியே மூலைக்குப் போய், குழாயின் முன்னால் நின்றாள். ஏதோ மறந்துபோனதை நினைத்துப் பார்க்கிறவள்போலக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கரண்டிக் காம்பால் குழாயைத் தட்டினாள். டொக், டொக், டொக்.

"என்ன அத்தை?" என்றான் ஹூபெர்ட், திரும்பாமல்.

"ஒண்ணுமில்ல" என்றாள் அத்தை. "தண்ணி வருதான்னு பாத்தேன்."

ஹூபெர்ட் கோப்பையின் அடியில் தங்கியிருந்த கடைசி மிடற்றைக் குடித்தான். குடித்துக்கொண்டே, சின்ன வயதுப் பழக்கத்தில், மறு கையின் முட்டியால் மேஜையை மூன்று முறை தட்டினான்.

கரண்டி அத்தையின் கையிலிருந்து நழுவி, காலி வாளிக்குள் விழுந்தது.